கை நடுங்கினாலும் வாசிக்கலாம்: மேடை பயம் பற்றிச் சில கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இசையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான். பல வருடங்களாக மேடையில் கிடார் வாசிக்கிறேன், புதியவர்களை மேடைக்குத் தயார் செய்கிறேன்.

கேள்வி: சார், வீட்டில் வயலின் நன்றாக வாசிக்கிறேன். நாலு பேர் வந்து உட்கார்ந்தால் வில் பிடித்த கை நடுங்குகிறது. இன்னும் சாதகம் (வாசிப்புப் பயிற்சி) செய்தால் சரியாகுமா?

பதில்: சாதகம் மட்டும் போதாது. தனியாக வாசிப்பது ஒரு திறமை, பிறர் கேட்க வாசிப்பது இன்னொரு திறமை. இரண்டாவதை அதற்கென்றே பழக வேண்டும்.

ஆட்களைப் பார்த்ததும் உடம்பில் அட்ரினலின் என்ற, ஆபத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோன் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், விரல் சில்லிடும், வாய் உலரும், கை நடுங்கும். எவ்வளவு தயாராக வந்திருந்தாலும் இது வரலாம். ஆனால் இந்தப் படபடப்பு ஏறிக்கொண்டே போகாது. ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கும். அது இறங்கும்வரை அங்கேயே இருந்து வாசித்தால்தான், இதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று உடம்பு புரிந்துகொள்ளும். பாதியில் எழுந்து போனால் அந்த நேரத்துக்கு நிம்மதி, அடுத்த முறை பயம் கூடிவிடும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: சின்னதாக வாசியுங்கள், அடிக்கடி வாசியுங்கள், எடுத்ததை முடித்துவிட்டு எழுந்திருங்கள். வருடத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சியைவிட வாரத்துக்கு ஒரு பாட்டு எவ்வளவோ மேல். முதலில் கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஒரே தடவை, திருத்தம் கிடையாது. அப்புறம் ஒரு நண்பர், பிறகு நாலைந்து பேர், பிறகு முன்பின் தெரியாதவர்கள். பயம் முழுசாகப் போன பிறகு அடுத்த படி ஏறலாம் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் குறைந்தாலே போதும்.

இன்னொன்று. மெதுவாக இழுக்கும் நீண்ட ஸ்வரத்தில்தான் வில்லின் நடுக்கம் அதிகம் தெரியும். ஆரம்பத்தில் வில் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டாக எடுங்கள். அதுவும் உங்களுக்குச் சுலபமான பாட்டாக இருக்கட்டும். போன வாரம் கற்றுக்கொண்ட கஷ்டமான பாட்டை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நாலைந்து தடவை பாடிவிட்டேன். இன்னும் அதே பயம். எனக்கு மேடை சரிப்பட்டு வராதோ?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. இரண்டு தடவைக்கு நடுவில் எத்தனை மாதம் விட்டீர்கள்? இடைவெளி நீண்டால் பழகியது கலைந்துவிடும். பாடும்போது கண்ணை மூடிக்கொண்டோ, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வேகத்தைக் கூட்டியோ பாடினால், மேடையில் நின்றும் ஒளிந்துகொண்டதாகத்தான் அர்த்தம். ஒரு வரியாவது யாரையாவது பார்த்துப் பாடுங்கள்.

பயம் அறவே போக வேண்டும் என்பதும் இல்லை. செல்லோ (வயலின் போன்ற, அதைவிடப் பெரிய வாத்தியம்) வாசிப்பதில் உலகப் புகழ்பெற்ற பாப்லோ கசால்ஸுக்கு வாழ்நாள் முழுவதும் மேடை பயம் இருந்தது. 1901-ல் மலையில் பாறை விழுந்து கையில் அடிபட்டபோது, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதுதான் மனதில் ஓடிய முதல் நினைப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே மனிதர் 1971-ல், 94 வயதில், ஐ.நா. சபையில் வாசித்தார்.

கேள்வி: ஏறும் முன் "அமைதியாக இரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்கவே மாட்டேன் என்கிறது மனசு.

பதில்: அந்த நேரத்தில் கேட்காது. "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கரோக்கி (பதிவு செய்த இசைக்கு ஏற்பப் பாடுவது) பாடும் முன் இப்படிச் சொன்னவர்கள் "பதற்றமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். துடிக்கிற நெஞ்சை அடக்குவதைவிட, அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் கொடுப்பது சுலபம். கூடவே, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

கேள்வி: நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டால்?

பதில்: இதற்கு வீட்டிலேயே வழி செய்யலாம். பாட்டில் மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்து கேட்டாலும் தொடங்கப் பழகுங்கள். மறந்தால் அடுத்த இடத்துக்குத் தாவிவிடலாம். தப்பைத் திருத்தப் பின்னால் மட்டும் போகாதீர்கள். தாளம் விடாமல் போனால் கேட்பவர்களில் பலருக்குத் தப்பு நடந்ததே தெரியாது.

கேள்வி: மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாமா?

பதில்: புரோபிரனலால் போன்ற மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும், இசைக்கலைஞர்கள் சிலர் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, நண்பரிடம் வாங்கிப் போடவும் கூடாது.

கேள்வி: தெரியாதவர்கள் முன்னால் வாசித்துவிடுகிறேன். வீட்டு ஆட்கள் முன்னால்தான் முடியவில்லை.

பதில்: நிறையப் பேருக்கு அப்படித்தான். நான் மேலே சொன்ன வரிசையை உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். தெரியாதவர்களிடம் தொடங்கி, வீட்டு ஆட்களைக் கடைசியில் வையுங்கள். முதல் தடவை அவர்கள் பக்கத்து அறையிலிருந்து கேட்டால் போதும்.