கைமாற்று ரத்தாகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அன்றைய வழிபாட்டையே ‘செய்த சத்தியங்கள் எல்லாம் ரத்து’ என்று சொல்லித்தான் தொடங்குவார்களாமே? ஒருநாள் பட்டினி கிடந்தால் ஓராண்டுப் பாவமும் போய்விடும் என்பது ரொம்ப வசதியான ஏற்பாடாக இல்லையா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொல்வது ‘கோல் நித்ரே’. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதைக் காட்டித்தான், யூதனின் சத்தியத்தை நம்பாதே என்றார்கள். (நீங்கள் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை, தெரியும்.) அரமேய மொழியில் உள்ள அது உண்மையில் ஜெபமே அல்ல, சட்ட வாசகம். யூத வேதமான தோராவின் சுருளை ஏந்திய இருவர், வழிபாட்டை நடத்தும் பாடகரின் இருபுறமும் நிற்பார்கள். மூவரும் சேர்ந்தால் ஒரு நீதிமன்றம் என்று கணக்கு. பொழுது சாய்வதற்குள் மூன்று முறை பாடுவார்கள். ரத்தாவது, ஒருவர் கடவுளிடம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட நேர்ச்சைகள் மட்டும். பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று அப்படியேதான் இருக்கும்.

பட்டினிக்கு வருகிறேன். தமிழ் பைபிள் ‘ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துவது’ என்கிறது. சுமார் 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. குளியல் இல்லை, தோல் செருப்பும் கூடாது. வெள்ளை அங்கிக்குக் கீழே ரப்பர் செருப்போடு பெரியவர்கள் ஜெப ஆலயத்துக்குப் போவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி சாப்பிட்டே ஆகவேண்டும், அதுவும் சட்டம்தான்.

இவ்வளவும் செய்தாலும், மனிதனுக்கு மனிதன் செய்த தப்பு தீராது. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதை நேராகவே சொல்கிறது: பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளுக்கு அதைப் போக்கும் சக்தி இல்லை. அதனால்தான் முந்தைய நாட்களிலேயே ஆள் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். மறுத்தால் மூன்று முறை வரை போகவேண்டும். அவர் செத்துப்போயிருந்தால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்னாருக்குத் தீங்கு செய்தேன் என்று அவர்கள் காதுபடச் சொல்லவேண்டும். எனக்கு இதைவிடப் பட்டினி சுலபம் என்று தோன்றுகிறது.

அப்புறம், பாவ அறிக்கை. நம் ஆத்திசூடிபோல எபிரேயத்தின் 22 எழுத்துகளின் வரிசையில் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் லேசாகக் குத்திக்கொள்வார்கள். ‘நான் திருடினேன்’ என்று இல்லை, ‘நாங்கள் திருடினோம்’. திருடாதவரும் சேர்ந்துதான் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் திருடனுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

பிற்பகலில் பைபிளில் வரும் யோனாவின் கதையை வாசிப்பார்கள். கடைசியாக ‘நெயிலா’, வாசல் மூடும் நேரத்து ஜெபம். அது முடியும்வரை சுருள்கள் இருக்கும் பேழை திறந்தே இருக்கும்; முடிந்தவர்கள் நின்றபடியே ஜெபிப்பார்கள். ஆட்டுக்கொம்பை ஒருமுறை நீளமாக ஊதியதும் நோன்பு முடிகிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து நாளில் வரும் கூடாரப் பண்டிகைக்காகச் சிலர் அன்றிரவே குடிசைக்கு முதல் முளையை அடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்