மூன்றரை வயதுக்கு நான்கு கிளாஸா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஒன்றரை. கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எங்கள் பிளாக்கில் மகள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அபாகஸ், ஃபோனிக்ஸ், டான்ஸ் என்று எதற்காவது போகிறார்கள். பக்கத்தில் புதிதாகத் திறந்த மையத்துக்கு இலவச டெமோ வகுப்புக்குக் கூட்டிப் போனேன். "மூளை வளர்ச்சி 90 சதவீதம் ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும், அப்புறம் சேர்த்துப் பிரயோஜனம் இல்லை" என்றார்கள். அபாகஸ், ஃபோனிக்ஸ், கையெழுத்து, நடனம் நான்கும் சேர்ந்த வருட பேக்கேஜ். இந்த மாதத்துக்குள் கட்டினால் தள்ளுபடி. விரல் ரேகையை வைத்துப் பிள்ளையின் திறமையைச் சொல்லும் டெஸ்டும் இலவசமாம். ஆனால் டெமோவில் இவள் அபாகஸ் மணிகளைத் தள்ளித் தள்ளி "பஸ் போகுது, ஜங்ஷன், ஜங்ஷன்" என்று விளையாடிக்கொண்டே இருந்தாள். "கவனம் பத்தல, உடனே சேர்த்தால் சரியாயிடும்" என்றார் டீச்சர். மாமியார் "மூணு வயசுப் பிள்ளைக்கு என்னத்துக்குளா கிளாஸு?" என்கிறார். கணவர் "காசு போனாப் போகுது, சேர்த்துவிடு" என்கிறார். உண்மையைச் சொன்னால், அவள் ஒரு மணி நேரம் கிளாஸில் இருந்தால் நான் ஒரு காபியாவது உட்கார்ந்து குடிப்பேன். மகன் இன்னும் அம்மா, அப்பா தவிர எதுவும் சொல்வதில்லை. அவனையும் குட்டிப் பிள்ளைகள் ஃபோனிக்ஸில் சேர்த்தால் பேச்சு வந்துவிடுமாம். சேர்க்கலாமா?

பெயர் வேண்டாம், பெருமாள்புரம்

பதில்: பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். மகளுக்கு ஆசையாக இருந்தால் ஏதாவது ஒரே ஒரு கிளாஸ், அதுவும் மாதாமாதம் கட்டுகிற மாதிரி. மகனுக்கு எந்தக் கிளாஸும் வேண்டாம். அவன் விஷயம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஜங்ஷன் பஸ்ஸைப் பற்றிப் பேசிவிடலாம். டீச்சருக்கு அது கவனக்குறைவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த இடம் அதுதான். கம்பியில் மணி ஓடுகிறது, ஓடுவது பஸ், பஸ் என்றால் கண்டக்டர் சத்தம் போடுவார், அவர் ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொல்வார். இவ்வளவையும் பார்த்து, கேட்டு, மனதில் வைத்திருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு பொருளை வைத்து நடித்துக் காட்டியிருக்கிறாள். ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கும் இந்த விளையாட்டிலிருந்துதான் பின்னால் எழுத்தும் எண்ணும் வருகின்றன. 5 என்று எழுதியிருக்கும் கோடு ஐந்து மாங்காயைக் குறிக்கும் என்று புரிந்துகொள்வதும் அதே வேலைதான். ஐந்து மாங்காயை விரல் வைத்து எண்ண இன்னும் தடுமாறும் வயதில், அபாகஸில் இந்த ஒரு மணிக்கு ஐந்து மதிப்பு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதை மனப்பாடம் செய்யும், புரிந்துகொள்ளாது. அபாகஸ் கெட்டது என்று சொல்லவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 90 சதவீதக் கணக்கு அரை உண்மை. ஐந்தாறு வயதில் குழந்தையின் மூளை பெரியவர்களுடைய மூளையின் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்பது சரி. ஆனால் அது மூளையின் அளவு. கற்கும் திறனில் 90 சதவீதம் தீர்ந்துபோய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மூளைக்குள் இணைப்புகள் உண்டாவதும், தேவையில்லாதவை கழிவதும் இருபது வயது தாண்டியும் நடக்கின்றன. நம் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டம் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்கைப் போடவும் வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020உம் மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தள நிலையாக வைத்து, விளையாட்டு வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. எட்டு வரை நேரம் இருக்கிறது. 'இந்த மாதத்துக்குள்' என்பது பிள்ளையின் மூளைக்கு வைத்த கெடு இல்லை, மையத்தின் வாடகைக்கு வைத்த கெடு.

விரல் ரேகை டெஸ்டுக்குத் தயவுசெய்து கையைக் கொடுக்காதீர்கள். இலவசமாக இருந்தாலும் வேண்டாம். ரேகைக்கும் மூளையின் திறனுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டும் அறிவியல் ஆதாரம் கிடையாது, இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஜோசியக்காரர் கையைப் பார்த்துச் சொல்வதைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் நம் ஊர்ப் பக்கமெல்லாம் 'மிட்பிரெயின்' பயிற்சி வகுப்பு என்று ஒன்று வந்து போனது நினைவிருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படித்தார்கள். மூக்கோரத்தில் இருக்கும் சந்து வழியாகத்தான் படித்தார்கள். பெற்றோர் சந்தோஷப்பட்டதால் பிள்ளைகளும் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் பணத்தைப் பற்றி இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கிய வகுப்பு அது. ரேகை டெஸ்டின் ஆபத்து வேறு மாதிரி. 'இவளுக்குக் கணக்கு வராது, இசைதான் வரும்' என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், பத்தாம் வகுப்பு வரைக்கும் வீட்டில் யாராவது அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, காபிக்கு வருவோம். அந்த வரியை நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். கணவர் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்டில் இருக்க, கதவைச் சாத்திய வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பது லேசான காரியம் இல்லை. உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் இந்த நான்கு கிளாஸ் அந்த ஓய்வைத் தருமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளை எழுப்பி, உடுப்பு மாட்டி, மகனை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்தி, அவளைப் பின்னால் உட்கார வைத்துப் போவீர்கள். மையத்து வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மகன் ரோட்டுக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். வாரத்தில் நான்கு நாள் இது நடந்தால் காபி அல்ல, தண்ணீர்கூடக் குடிக்க நேரம் இருக்காது.

அதைவிட உங்கள் பிளாக்கிலேயே இரண்டு மூன்று அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு நாள் ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு மணி நேரம், மறுநாள் வேறு வீடு. உங்கள் முறை வரும் நாளில் வீடு போர்க்களமாகும். மற்ற நாட்களில் காபி ஆறாமல் குடிக்கலாம். நம் அம்மாக்கள் காலத்தில் வளவுக்குள் இருந்த வீடுகளில் இது யாரும் கேட்காமலே நடந்தது. ஃபிளாட்டில் வாய்விட்டுக் கேட்டால்தான் நடக்கும். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். கிளாஸ் வேண்டாம் என்கிறாரே, அப்படியானால் "சரி அத்தை, சாயங்காலம் அவளை நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று அன்போடு கேட்டுவிடுங்கள். கருத்துச் சொன்னவருக்குப் பொறுப்பும் கொஞ்சம் வரட்டும்.

இதையும் மீறி ஒரு கிளாஸ் என்றால் என் ஓட்டு பாட்டும் ஆட்டமும் கலந்த எதற்காவதுதான். முறையான பரதம் வேண்டாம், அரைமண்டியில் உட்கார உடம்பு தயாராக ஐந்தாறு வயது ஆகட்டும் என்றே நல்ல நட்டுவாங்க ஆசிரியர்கள் பலரும் சொல்வார்கள். தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் கற்றுத்தருகிறார்கள். அங்கேயே ஐந்து வயது முதல்தான் சேர்க்கிறார்கள். செஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் யாராவது சொல்வார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது ஏழு வயதில். பிரக்ஞானந்தா சின்ன வயதிலேயே தொடங்கினாரே என்பீர்கள். அவரை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள், அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பிக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போவதற்கு கட்டணம் கட்ட வழி இல்லை.

எந்தக் கிளாஸாக இருந்தாலும் டெமோவில் உங்கள் மகளைப் பார்க்காதீர்கள், டீச்சரைப் பாருங்கள். தரையில் பிள்ளைகளோடு உட்காருகிறாரா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பேசுகிறாரா? அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறாரா, "அழுதா அம்மா வர மாட்டாங்க" என்கிறாரா? ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளைகள்? பாத்ரூம் எங்கே, கூட யார் போவார்கள்? முதல் சில நாட்கள் நீங்கள் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கதவைச் சாத்துகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. 'ஆன்லைனிலும் இருக்கிறது' என்றால் அதுவும் வேண்டாம். இந்த வயதில் ஸ்கிரீன் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. அதே வழிகாட்டுதல்தான் மூன்று, நான்கு வயதுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடியாடும் அசைவும், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கமும் வேண்டும் என்கிறது. கிளாஸுக்காக எழுப்பப்படும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்?

கையெழுத்து வகுப்பு சுத்தமாக வேண்டாம். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஆகும். விரலுக்குப் பலம் வர வேறு வழிகள் அடுப்படியிலேயே இருக்கின்றன. சுளகை முன்னால் வைத்துக் கொத்தவரங்காயைக் கொட்டிவிடுங்கள், காம்பு கிள்ளச் சொல்லுங்கள். முதலில் பாதிக் காயையும் சேர்த்துக் கிள்ளிப் போடுவாள். பொரியல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, வாசலில் கோலமாவு ஒரு பிடி, இரண்டும் போதும். பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள், அபாகஸ் செய்வதாகச் சொல்லும் பாதி வேலையை அது செய்யும். ஆனால் தம்பி தூங்கும்போது மட்டும். புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை எதுவும் ஒன்றரை வயதுக்காரன் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

பேக்கேஜ் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், ஞாயிற்றுக்கிழமைகள் நிறைந்துவிடும். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. வெளியே உள்ள பூங்காவிலேயே பிள்ளைகள் ஓடித் தீர்ப்பார்கள். வ.உ.சி. மைதானம் உங்களுக்குத் தூரம் இல்லை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களுக்கு முன்னால் போய் நின்றால் "கல்லு எப்படிம்மா பாடும்?" என்று கேட்பாள். தூக்கிப்போய்க் காட்டினால் போதும், விளக்கம் பிறகு வரட்டும்.

கட்டாயம் கற்றுத்தர வேண்டிய ஒன்று என்றால் நீச்சல். தாமிரபரணியும் பாளையங்கால்வாயும் ஊருக்கு ஒரு குளமும் இருக்கிற நாட்டில் இது கலை இல்லை, உயிர்ப் பாதுகாப்பு. பள்ளி வயது வந்ததும், ஆறு வயதையொட்டி, முறையாகப் பழக்குங்கள். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. அதுவரை ஆற்றுக்குப் போனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

பிளாக்கில் மற்றவர்கள் கேட்டால் "அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள்.

இப்போது மகன். நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர இன்னும் மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் ஓர் அளவுகோல். பல பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கி மடமடவென்று பேசிவிடுவார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் ஃபோனிக்ஸ் என்பது எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் கற்பித்துப் படிக்க வைக்கும் முறை, பேச்சு வராத குழந்தைக்கான வைத்தியம் அல்ல. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, "பந்தை எடுத்துட்டு வா" என்றால் சைகை இல்லாமலே புரிகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். கவனித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள், காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். நம் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. புற நோயாளிகள் பிரிவு காலையில்தான் என்பதால் சீக்கிரமே கிளம்புங்கள். கணவருக்குப் பகலில் வேலை இல்லாத வாரமாகப் பார்த்து அவரையும் கூட்டிப் போங்கள். மகளை அன்று மாமியாரிடம் விட்டுவிடலாம்.