விலையைக் குறைக்கும் மென்பொருளுக்கு பிரிட்டனில் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: லண்டனில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். காலாவதி தேதியையும் அன்றைய விற்பனையையும் பார்த்துத் தானே விலையைக் குறைத்து, அலமாரியில் உள்ள மின்னணு விலைச்சீட்டில் காட்டும் மென்பொருள் ஒன்றைக் கோவையில் உள்ள ஒரு தம்பியிடம் சொல்லி எழுதி வாங்கினேன். காப்புரிமை கிடைக்குமா? அடுத்த மாதம் சில கடைக்காரர்களுக்கு இயக்கிக் காட்டப்போகிறேன்.

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் வடிவில் கிடைக்காது. அதற்காக, மென்பொருள் என்றாலே பிரிட்டனில் காப்புரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

1977-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் வணிகம் செய்யும் முறையையும் கணினி நிரலையும் கண்டுபிடிப்புகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் அதைத் தாண்டி ஒன்றும் இல்லாதபோதுதான் இந்தத் தடை. 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்தது. மெக்ராசன் என்பவருடையது, இணையத்தில் கேள்வி கேட்டு, பதில்களை வைத்து கம்பெனி தொடங்குவதற்கான ஆவணங்களைத் தயாரிக்கும் முறை. தள்ளுபடி ஆனது. ஏரோடெல் நிறுவனத்துடையது, முன்பணம் கட்டிவிட்டுத் தொலைபேசியில் பேசும் முறை. கேட்டால் இதுவும் வியாபாரம்தான்! ஆனால் அதில் தனி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் சேர்த்த புதிய அமைப்பு இருந்ததால் தப்பியது. 2008-ல் சிம்பியன் என்ற மென்பொருள் நிறுவனம் வென்றதும் இப்படித்தான்: அதன் நிரலால் கணினியே முன்னைவிடப் பிசகில்லாமல் ஓடியது.

உங்கள் விண்ணப்பத்தில் புதிதாக இருப்பது எது? எப்போது, எவ்வளவு குறைப்பது என்கிற கணக்கு. அது கடைக்காரரின் மூளை, வணிகம். சர்வர், ஸ்கேனர், டேட்டாபேஸ் என்று வரிக்கு வரி எழுதினாலும் எடுபடாது. பலர் காசைக் கரைப்பது இங்கேதான். நியூபோர்ட்டில் உள்ள பிரிட்டன் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர், இது முன்பே வந்திருக்கிறதா என்று தேடுவதிலேயே பயனில்லை என்று அறிக்கை கொடுத்துவிடவும் கூடும். மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இப்படி அளக்கும். கணினி இருந்தால் வாசலைத் தாண்டலாம், ஆனால் புதுமையின் தரத்தை எடைபோடும்போது வணிகப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை. உங்களுக்கு முடிவு ஒன்றுதான்.

நான் பார்க்கச் சொல்வது விலைச்சீட்டுகளை. ஆயிரக்கணக்கான சீட்டுகள், ஒவ்வொன்றிலும் குட்டி பேட்டரி. விலை அடிக்கடி மாறினால் பேட்டரி சீக்கிரம் தீரும், வயர்லெஸ் நெரிசலும் வரும். இதைச் சமாளிக்க அந்தத் தம்பி ஏதாவது புது உத்தி செய்திருக்கிறாரா? சீட்டுகளைக் குழுவாகப் பிரித்து, தேவையானதை மட்டும் எழுப்புவது மாதிரி? இருந்தால் அது தொழில்நுட்பம். அதை மையமாக வைத்து விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பத் தேதி கைக்கு வரும்வரை செயல்விளக்கத்தைத் தள்ளிவையுங்கள். ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் காட்டினால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அமெரிக்காவில் உள்ளதுபோல ஓராண்டு சலுகை பிரிட்டனில் இல்லை. அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் விண்ணப்பிக்கலாம். தம்பியைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டுவதானால், இந்தியாவில் முதலில் தாக்கல் செய்யாமல் பிரிட்டன் உட்பட வெளிநாட்டில் தாக்கல் செய்யும் முன் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்க வேண்டும். மீறினால் அவருக்குத்தான் வம்பு.

காப்புரிமை கிடைக்காவிட்டாலும் நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு, பதிவுகூட வேண்டாம். ஆனால் அவர் உங்கள் சம்பள ஊழியர் இல்லை என்றால், பணம் கொடுத்தது நீங்களே ஆனாலும் அந்த உரிமை அவருடையது. எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் இந்த வாரமே.