சினகாக்கில் பெண்கள் கூடி என்ன செய்கிறார்கள்? கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஒரு சினகாக்கின், அதாவது யூத ஜெப ஆலயத்தின், அலுவலகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். நான் யூதர் இல்லை, மயிலாடுதுறைக்காரி. மாத நாள்காட்டியை அச்சுக்குக் கொடுப்பது என் வேலை என்பதால், பெண்கள் கூட்டம் என்றைக்கு, எந்த அறையில், எத்தனை நாற்காலி என்பதெல்லாம் அத்துப்படி. தெரிந்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எங்களுடையது 'கன்சர்வேட்டிவ்' பிரிவு. பெயரைப் பார்த்துப் பழமைவாதிகள் என்று நினைக்காதீர்கள். பழைய விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸுக்கும், காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ரிஃபார்முக்கும் நடுவில் நிற்பவர்கள் இவர்கள்.

சினகாக்கின் பெண்கள் அமைப்பை 'சிஸ்டர்ஹுட்' என்கிறீர்களே, அது நம்ம ஊர் மாதர் சங்கம் மாதிரிதானா? சமையல், அரட்டை?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். சனிக்கிழமை தொழுகை முடிந்ததும் சாப்பாடு பரிமாறுவது, மெழுகுவர்த்தித் தாங்கி விற்கும் சின்னக் கடையைப் பார்த்துக்கொள்வது, செவ்வாய் மதியம் மா ஜாங் ஆடுவது. ஆமாம், சீனத்து ஆட்டம்தான். 1937ல் நியூயார்க்கில் யூதப் பெண்கள் சேர்ந்து அதற்கு ஒரு தேசிய லீக்கே தொடங்கினார்கள். வெல்லும் காய்ச் சேர்க்கைகளை அச்சிட்டு லீக் வருடா வருடம் புது அட்டை வெளியிடும், பழைய அட்டையை வைத்துக்கொண்டு ஆட உட்கார முடியாது. சங்கங்கள் மொத்தமாக ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் லீக் ஒரு தொகையை நன்கொடையாகத் திருப்பித் தரும்.

அந்தக் காசெல்லாம் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. ரிஃபார்ம் பிரிவில் 1913லும் கன்சர்வேட்டிவ் பிரிவில் 1918லும் தேசிய அளவில் பெண்கள் அமைப்புகள் உருவாயின. எங்கள் பிரிவுப் பெண்கள் 1942ல் தோராவின், அதாவது யூத வேதத்தின், பெயரில் 'தோரா ஃபண்ட்' என்று ஒரு நிதி தொடங்கினார்கள். யாருக்கு? ரபிகளை, அதாவது மதகுருமார்களை, உருவாக்கும் கல்லூரிக்கு. அப்போது அந்தக் கல்லூரியில் ரபி ஆவதற்கு எந்தப் பெண்ணையும் சேர்க்க மாட்டார்கள்! ரிஃபார்ம் பிரிவில் சாலி பிரீசண்ட் ரபியானது 1972ல். கன்சர்வேட்டிவ் பிரிவில் ஏமி ஐல்பர்க் ரபியாக 1985 வரை ஆகிவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் கேக் விற்று ஆண்பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அதனால் 'வெறும் அரட்டைக் கூட்டம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

பெண்கள் தோரா படிக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததா, அக்கா?

ஒரே பக்கத்தில் இரண்டு பேச்சும் இருக்கிறது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில், சோத்தா என்ற பகுதியில், மகளுக்குத் தோரா கற்பிப்பது தகப்பன் கடமை என்கிறார் பென் அசாய். அது மகளுக்கு நல்லதல்ல என்கிறார் ரபி எலியேசர். பல நூற்றாண்டுகள் எலியேசர் பக்கமே ஜெயித்தது. அதை உடைத்தவர்களில் ஒருவர் தையற்காரி: போலந்தின் கிராகோவில் சாரா ஷெனிரர், 1917ல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதுவும் கட்டுப்பெட்டியான ஆர்த்தடாக்ஸ் சமூகத்துக்குள் இருந்துகொண்டே.

மிஷ்னாவையும் அதன் மேல் நடந்த விவாதங்களையும் சேர்த்த நூல் தால்முட். தினம் ஒரு தாள் வீதம் அது முழுவதையும் படிக்க ஏழரை வருடம் ஆகும், மொத்தம் 2,711 தாள். 2020 ஜனவரியில் அதை முடித்த பெண்கள் ஜெருசலேமில் ஒரு விழாவே எடுத்தார்கள். அரங்கில் ஆயிரக்கணக்கில் பெண்கள்.

பாட் மிட்ஸ்வா, அதாவது சமயக் கடமைகளை ஏற்கும் சடங்கு, 12 வயதுப் பெண்ணுக்குத்தானே? என் பக்கத்து வீட்டம்மாவுக்கு 67 வயது, அவருக்கு நடக்கப்போகிறதாம். கிண்டல் செய்கிறாரோ?

இல்லைங்க, நிஜம்தான். அவர் சிறுமியாக இருந்தபோது பல சினகாக்குகளில் பெண்ணுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அமெரிக்காவில் முதல் பாட் மிட்ஸ்வா 1922 மார்ச்சில், ஜூடித் கப்லானுக்கு. அவரும் தோராச் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, சற்றுத் தள்ளி நின்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசித்தார். சுருளை நெருங்க இன்னும் பல வருடம் பிடித்தது.

விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் பெரியவர்கள் வகுப்பு. எங்களிடம் இரண்டு வருடப் பாடம். முதலில் எபிரேய எழுத்து, பிறகு வழிபாடு, கடைசியில் ராகம். தோராவை வாயில் வந்தபடி வாசிக்க முடியாது, அதற்கு இசைக்குறிகள் உண்டு. பாடப் புத்தகத்தில் எழுத்தின் மேலும் கீழும் குட்டிக் குட்டியாக இருக்கும். சுருளிலோ அந்தக் குறியும் இல்லை, உயிர்ஒலிப் புள்ளிகளும் இல்லை, வெறும் மெய்யெழுத்து. மனப்பாடம்தான் வழி. புதன் மாலை என் அறைக்கு அடுத்த அறையில் பாட்டிமார்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது, சின்ன வயதில் சரளி வரிசை சாதகம் செய்தது ஞாபகம் வரும். உங்கள் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டால் அவசியம் போங்கள்.

மாதாமாதம் 'ரோஷ் ஹோதேஷ்' கூட்டம் என்று போட்டிருந்தார்கள். ஏதாவது விரதமா?

விரதம் இல்லை. அமாவாசை கழிந்து புது மாதம் பிறக்கும் நாள் அது. மோசே காலத்தில் பாலைவனத்தில், சிலையாகக் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி வார்க்க ஆண்கள் நகை கேட்டபோது பெண்கள் கழற்றித் தர மறுத்தார்களாம். அதற்குப் பரிசாகக் கிடைத்த ஓய்வு நாள் என்று ஒரு பழங்கதை. நகையைக் கேட்டால் தர மறுப்பதற்குப் பெண்களுக்குப் பரிசு வேறா என்று என் கணவர் கேட்டார். 1970களில் அமெரிக்கப் பெண்கள் இந்த நாளைத் தூசி தட்டி எடுத்தார்கள். சிலர் கூடிப் படிப்பார்கள், சிலர் பாடுவார்கள், சில மாதம் பேச்சு மட்டும்தான்.

ஆண்களுக்குச் சங்கம் இல்லையா?

உண்டு. ஞாயிறு காலை பேகல் என்ற வளைய ரொட்டி சாப்பிடுவார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரி சினகாக்கில் பெண்களுக்கு மாடியில் இடம் என்று காட்டினார்கள். அங்கே பெண்கள் ஒதுங்கித்தான் இருந்தார்களா?

உட்கார்ந்தது தனியாகத்தான், ஆனால் ஒதுங்கி இல்லை. கேரளத்து சினகாக்குகளில் கீழே ஒரு மேடை, மாடியில் பெண்கள் பகுதியை ஒட்டி இன்னொரு மேடை. சில நாட்களில் மேல் மேடையிலிருந்துதான் தோரா வாசிப்பு நடக்கும். வேறு ஊர் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் பெண் பாடுவதை ஆண் கேட்கக் கூடாது என்பார்கள். கேரளத்திலோ கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் எதிரிலேயே பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் படியெடுத்துக்கொண்டார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் பெட்டியில் போயின.

தோழி சனிக்கிழமை வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறாள். முறுக்கு சுட்டு எடுத்துப்போகலாமா?

வேண்டாம். வீட்டில் சமைத்ததை அந்தச் சமையலறைக்குள் விட மாட்டார்கள், கோஷர் என்ற யூத உணவு விதி. உங்கள் முறுக்கில் குறை ஒன்றுமில்லை, அதைப் பொரித்த வாணலியில் வேறு என்ன பொரித்தோம் என்பதுதான் கேள்வி. கடையில் வட்டத்துக்குள் யு எழுத்து போட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்கி, வெள்ளிக்கிழமை பகலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பேனாவைக் கைப்பையிலேயே வையுங்கள், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், எழுதக் கூடாது. இது தெரியாமல் என் முதல் வகுப்பில் நான் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி மூடி போட்டு மேஜையில் வைத்துவிட்டு, "ஞாபகம் இருக்கிறவரை போதும்" என்றார்.