செயற்கைக்கோள்களுக்கு இடையே ஓடும் சேனலை எப்படிக் கணிப்பது?

கேள்வி: எதிர்முனை சேனலை (போகும் வழியில் சிக்னல் மாறும் விதத்தை) அளந்து சொல்வதற்குள் அது மாறிவிடுமே, பிறகு அந்த அளவால் என்ன பயன்?

பதில்: அதை மட்டும் நம்பினால் பயனில்லை. 3,000 கி.மீ. கடக்க ஒளிக்கே 10 மில்லிசெகண்ட் ஆகும். 550 கி.மீ. உயரத்தில் எதிரெதிராக வரும் இரு செயற்கைக்கோள்கள் அதற்குள் ஏறக்குறைய 150 மீட்டர் நெருங்கிவிடும். இணைப்புக்குப் பயன்படும் 23 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 13 மில்லிமீட்டர்தான், அதனால் அளவு வந்து சேரும்போதே பழசாகிவிடும். ஆனால் அங்கே கட்டடமோ மரமோ கிடையாது. கைபேசி சேனலைப் போலத் தாறுமாறாக ஆடாது, சுற்றுப்பாதையின் விதிப்படியே மாறும். ஆகவே பாதையைக் கணக்கிட்டு, டாப்ளரை (வேகத்தால் அதிர்வெண் மாறும் அளவை) அனுப்பும் முனையிலேயே கழித்துவிடுங்கள்.

கேள்வி: பாதைக் கணக்கு எவ்வளவு துல்லியமாக வேண்டும்?

பதில்: வேகத்தில் நொடிக்கு 10 செ.மீ. பிழை இருந்தால் 23 கிகாஹெர்ட்ஸில் மிஞ்சுவது 8 ஹெர்ட்ஸ் மட்டுமே. முழு டாப்ளரோ 1.1 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும். கோளிலேயே ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தால் இந்தத் துல்லியம் எட்டக்கூடியதே.

கேள்வி: எல்லாவற்றையும் நியூரல் நெட்வொர்க்கிடமே விட்டால் என்ன?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கெப்ளர் விதி தரும் விடையை ஏன் தரவு கொட்டிக் கற்பிக்க வேண்டும்? பாதைக் கணக்கு தொடாத மிச்சம் ஒன்று இருக்கிறது: ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் சுற்று) தன் அதிர்வெண்ணிலிருந்து நகர்வது, ரியாக்‌ஷன் வீல் (கோளைத் திருப்பும் சுழல் சக்கரம்) அதிர்வால் ஆன்டெனா குறி விலகுவது. ஆஸிலேட்டர் நகர்வுக்குப் பேஸ் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்), அதிர்வெண், அதிர்வெண் மாறும் வீதம் மூன்றையும் தொடரும் கால்மன் ஃபில்டரே (கணிப்பையும் அளவையும் கலந்து மதிப்பிடும் கணக்குமுறை) பெரும்பாலும் போதும். வீதத்தை விட்டுவிடாதீர்கள். 1,000 கி.மீ. தள்ளி நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் கடக்கும் கணத்தில், முன்பே கழிக்காத டாப்ளர் நொடிக்குச் சுமார் 17 கிலோஹெர்ட்ஸ் மாறும். வீதத்தைத் தொடராத இரண்டாம் படிப் பேஸ் லாக் லூப்பில் (பேஸைப் பின்தொடரும் சுற்றில்) பிழை நிலையாகத் தங்கிவிடும்.

கற்றல் முறைக்கும் நல்ல இடம் உண்டு. கோள் பூமியின் நிழலுக்குள் போய் வரும்போது வெப்பநிலை மாறி ஆஸிலேட்டர் நகரும். ஏறக்குறைய 95 நிமிடத்துக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்புவதால் அதைக் கற்பிப்பது எளிது.

கேள்வி: கேரியர் (தரவைச் சுமக்கும் அலை) அதிர்வெண்ணை மட்டும் திருத்தினால் போதாதா?

பதில்: அகலப்பட்டை சிக்னலுக்குப் போதாது. அதே 15 கி.மீ. வேகத்தில் காலமே பத்து லட்சத்தில் 50 பங்கு சுருங்கும். நொடிக்கு நூறு கோடி சிம்பல் (தரவைச் சுமக்கும் சிறு சிக்னல் துண்டு) அனுப்பினால் நொடிக்கு 50,000 சிம்பல் வித்தியாசம்! மறு சாம்பிளிங் (சிக்னலின் கால இடைவெளியையே திருத்தி எடுப்பது) கட்டாயம்.

கேள்வி: லேசர் இணைப்பில்?

பதில்: 1550 நானோமீட்டரில், நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்துக்கே டாப்ளர் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதைவிடக் குறி வைப்பதுதான் கடினம். அதே வேகம் குறுக்காக இருந்தால், எதிர்க்கோளை இப்போது பார்க்கும் திசையிலிருந்து சுமார் 50 மைக்ரோரேடியன் முன்னே தள்ளிக் கற்றையை அனுப்ப வேண்டும். கற்றையின் அகலம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. தள்ளாவிட்டால் ஒளி கோளைத் தொடவே தொடாது.

கேள்வி: இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி வலையமைப்பு இதை எப்படிச் சமாளித்தது?

பதில்: கோள்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும் சுற்றுப்பாதைத் தளங்களுக்கு இடையே இணைப்பே வைக்கவில்லை.