மாமாவுக்குப் போய் நன்றியா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஆறு. போன மாதம் மகளின் பிறந்தநாளுக்குப் பதினேழு பரிசுகள் வந்தன. கொடுத்த எல்லோருக்கும் நன்றி அட்டை எழுதலாம் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். நான்காவது அட்டையிலேயே அழுகை வந்துவிட்டது. எழுதிய மூன்றிலும் ‘பரிசுக்கு நன்றி’ என்ற ஒரே வரிதான். இதற்கு நடுவில் மாமியார், ‘தாய்மாமனுக்குப் போய் யாராவது நன்றி எழுதுவாங்களா? அந்நியமா இருக்கு’ என்கிறார். பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்ய ஏதாவது வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லை வெளியாட்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். சோறு போட்ட அம்மாவிடம் போய் ‘நன்றிம்மா’ என்றால், ‘என்னடி, யாரோ மாதிரி பேசுற’ என்பார். மடியில் உட்கார வைத்துக் காது குத்திய மாமனுக்கு ‘பரிசுக்கு நன்றி’ என்று ஒரு வரி அட்டை போனால், அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

அதற்காக நாம் நன்றி சொல்லாதவர்களா என்ன? ‘நீங்க எடுத்துக் குடுத்த சேலையத்தான் கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போனேன், எங்க எடுத்ததுன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க’ என்போம். ‘குடுத்துவிட்ட ஊறுகாய் பத்தே நாள்ல காலி, பிள்ளைங்க விடல’ என்போம். கேட்பவருக்கு மனசு நிறைந்துவிடும். பிள்ளைகளும் இதையே எழுதட்டும். மாமா கொடுத்த பொருள் வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு என்ன ஆச்சு என்ற சேதிதான் அவருக்கு வேண்டும்.

என் பேத்திக்கு ஏழு வயது இருக்கும்போது அவளுடைய சித்தப்பா இருபத்து நான்கு கலர் பென்சில் உள்ள டப்பா ஒன்று கொடுத்தார். அவளும் முதலில் உங்கள் மகள் எழுதிய அதே வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ‘எந்தக் கலர் முதல்ல குட்டையாச்சு?’ என்று கேட்டேன். ஓடிப்போய் டப்பாவைத் தூக்கிவந்து, பென்சில்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக உயரம் பார்த்தாள். அப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘சித்தப்பா, பச்சைதான் குட்டை. நான் நிறைய மரம் வரைஞ்சேன். வெள்ளைய யாருமே தொடல, பாவம்’ என்று எழுதினாள். பச்சைப் பென்சிலைச் சீவி, சுருளாக வந்த சீவலைப் பூ மாதிரி ஓரத்தில் ஒட்டினாள். அட்டை கிடைத்த அன்றைக்கே சித்தப்பா போன் செய்துவிட்டார். அவர் முதலில் கேட்டது, ‘வெள்ளை இன்னும் அப்படியேதான் இருக்கா?’

ஆகவே ‘எழுது’ என்று சொல்லாமல், ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பொம்மை ராத்திரி எங்கே தூங்குகிறது? தம்பி அதைப் பிடுங்கினானா? பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனபோது யார் பார்த்தார்கள்? சொல்லும் பதிலைத்தான் அட்டையில் எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டால், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பதினேழு அட்டை என்பது பெரியவர்களுக்கே தண்டனைதான். வகுப்புத் தோழர்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் போயிருக்கும், நேரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சம் ஆறேழு பேர் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் யாரை ரொம்பத் தேடுகிறாளோ அவரிலிருந்து.

பிழை திருத்தாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ‘அண்பு மாமா’ என்று இருந்தால் அப்படியே போகட்டும். நல்ல தாளில் திரும்ப எழுது என்று சொன்ன நிமிடமே அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. மகனுக்கு ஆறு வயதுதானே, நாலு வரி எழுதினால் விரல் வலிக்கும். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், வார்த்தையை மாற்றாமல். கீழே கையை வைத்து உள்ளங்கையைச் சுற்றி வரைந்து, பெயரை மட்டும் அவன் எழுதட்டும்.

பிடிக்காத பரிசும் வந்திருக்கும். மூன்றாவது பென்சில் பாக்ஸைப் பார்த்து ‘ரொம்பப் பிடித்திருக்கிறது’ என்று பொய் எழுத வைக்க வேண்டாம். கொடுத்தவர் பஸ் ஏறி வந்தாரே, கேக் வெட்டும்போது பக்கத்தில் நின்று பாடினாரே, அதை எழுதலாம்.

வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் போதாதா என்று தோன்றும். அன்றைக்கே அனுப்ப அது நல்லதுதான். ஆனால் தபாலில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அஞ்சலட்டை 50 காசு, எழுதி மடித்து ஒட்டும் இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். பிள்ளைகளையே தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய் வாங்க வையுங்கள். அஞ்சலட்டையைப் போஸ்ட்மேனும் படிக்கலாம், ரகசியம் இருந்தால் இன்லேண்டுதான் என்று சொல்லிப் பாருங்கள், எது வேண்டும் என்று அவர்களே யோசிப்பார்கள். பின்கோடு நிரப்பும் ஆறு கட்டங்களும் அவர்களுக்குப் பிடிக்கும். உங்கள் கரூர் 639001. 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். பெங்களூருக்கு எழுதினால் 5, டெல்லிக்கு 1. பெட்டிக்குள் அட்டை விழும் சத்தத்தைக் கேட்கத் தூக்கிவிடச் சொல்வார்கள், தூக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் அப்பா ஊருக்கு இன்லேண்ட் எழுதும்போது, கடைசி மடிப்பில் நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் நான்கு பேர். எனக்கு இரண்டு வரி, உனக்கு ஒரு வரி என்று சண்டையே நடக்கும். இடம் பத்தாமல் ஓரத்தில் நெடுக்காக எழுதியிருக்கிறேன். முழு வெள்ளைத் தாளை நீட்டியிருந்தால் நாங்களும் பேனாவைத்தான் கடித்துக்கொண்டிருந்திருப்போம்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை உட்கார வைக்காமல் நீங்கள் உட்காருங்கள். உங்கள் அண்ணனோ தம்பியோ, அவருக்கு நீங்களே ஒரு இன்லேண்ட் எழுதுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கடைசி மடிப்பில் மகளுக்கு மூன்று வரி, மகனுக்குக் கை வரைய இடம். மாமியாருக்கும் ஓர் ஓரம் விட்டு வையுங்கள், சம்பந்தி வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்க அவருக்கும் ஆசை இருக்கும்.