கேட்டதும் சொன்னதும்: சமூகவியலாளர் நாற்காலி

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை ‘ஏகபோகங்களை உடைத்தவர்’ என்று என் மகளின் புத்தகம் புகழ்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை, குடியரசுக் கட்சிக்காரர். தொழிலாளிக்கு நிஜமாகவே ஏதாவது செய்தாரா?
(ஒரு வாசகி, ராஜபாளையம்)

பதில்: செய்தார் அம்மா. செய்த விதத்தைக் கேளுங்கள்.

நியூயார்க் கவர்னராக அவர் கொடுத்த தொல்லை தாங்காமல், துணை ஜனாதிபதி பதவிக்குத் தள்ளிவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிடப்பார் என்று கட்சிப் பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். 42 வயதில் நாற்காலி இவருக்கு வந்தது.

மறு வருடம் மே மாதம் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 1,40,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 20 சதவீதக் கூலி உயர்வு, 8 மணி நேர வேலை, சங்க அங்கீகாரம் கேட்டார்கள். கிழக்குக் கரை நகரங்களில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு எரிவது இந்தக் கரிதான். அக்டோபர் வந்துவிட்டது, கரி விலை எகிறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 3 அன்று இரு தரப்பையும் ரூஸ்வெல்ட் கூப்பிட்டார். முந்தின மாதம் அவருடைய குதிரை வண்டியில் டிராம் மோதியதில் மெய்க்காவலர் ஒருவர் இறந்து, இவருக்கும் காலில் அடி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார். சங்கத் தலைவர் ஜான் மிட்செல், “நடுவரை நீங்களே நியமியுங்கள், தீர்ப்பு எதுவானாலும் ஏற்கிறோம்” என்றார். சுரங்கங்களில் பெரும்பாலானவை ரயில் கம்பெனிகளின் கையில் இருந்தன. அவற்றில் ஒன்றான ரீடிங் ரயில்வேயின் தலைவர் ஜார்ஜ் பேயரும் மற்ற முதலாளிகளும் சேர்ந்த கூட்டம் மிட்செலோடு பேசவே மறுத்தது. பட்டாளத்தை அனுப்பு, சங்கத்தின் மேல் வழக்குப் போடு என்றது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? ஏகபோகத்தைத் தடுக்க வந்த ஷெர்மன் சட்டத்தில்! தாங்களே ஏகபோகமாக இருந்த கரி ரயில் கம்பெனிகள் கேட்கிற கேள்வியா அது?

எட்டு வருடம் முன்பு புல்மன் வேலைநிறுத்தத்தை உடைக்க ஜனாதிபதி கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பியிருந்தார். இவரும் ராணுவத்தைத் தயார் செய்தார், சுரங்கங்களைக் கையில் எடுத்து ஓட்டுவதற்கு! சட்டப்படி செல்லுமா என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம் போர் அமைச்சர் எலிஹு ரூட்டை, அந்த ரயில் கம்பெனிகள் மேல் பிடி வைத்திருந்த வங்கியாளர் மார்கனிடம் அனுப்பினார். முதலாளிகள் விசாரணைக் குழுவுக்கு இறங்கி வந்தார்கள்.

குழுவில் யார் யார் என்பதில் மறுபடி முட்டல். முதலாளிகள் கொடுத்த பட்டியலில் ராணுவப் பொறியாளர், நீதிபதி, ‘புகழ்பெற்ற சமூகவியலாளர்’ எல்லாம் உண்டு. சங்கத்துக்காரர் மட்டும் கூடாது. ரூஸ்வெல்ட் ரயில்வே கண்டக்டர்கள் சங்கத் தலைவர் கிளார்க்கைக் கூட்டிவந்து, ‘இவர்தான் சமூகவியலாளர்’ என்று அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். முதலாளிகள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் ஒரு பஞ்சாலைச் சங்கத்தில் இருபது வருடம் கணக்கெழுதியவன். “போனஸ் என்று எழுதினால் எழுந்து போய்விடுவோம்” என்று நின்ற நிர்வாகம், ‘கருணைத்தொகை’ என்று நான் மாற்றி எழுதியதும் கையெழுத்துப் போட்டது. அதே தொகை, அதே தீபாவளி.

1903 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: 10 சதவீத உயர்வு, பெரும்பாலோருக்கு 9 மணி நேர வேலை. சங்க அங்கீகாரம் கிடைக்கவில்லை. பாதிக் கிணறுதான். ஆனாலும் வாஷிங்டன் அரசு முதலாளியின் அடியாளாக வராமல் நடுவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

‘உடைத்தவர்’ பட்டத்துக்கு வருவோம். நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற ரயில்வே கூட்டுக் கம்பெனியை 1904-ல் உச்ச நீதிமன்றம் கலைத்தது இவர் போட்ட வழக்கில்தான். ஆனால் இவர் ஏழரை வருடத்தில் போட்டதைவிட, அடுத்து வந்த டாஃப்ட் நாலே வருடத்தில் அதிக வழக்குப் போட்டார். பாவம், டாஃப்ட்டை யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: ரூஸ்வெல்ட்டிடம் உங்களுக்குப் பிடிக்காதது?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: பிரவுன்ஸ்வில். 1906 ஆகஸ்டில் அந்த டெக்சாஸ் ஊரில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் இறந்தார். பக்கத்து முகாமில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் மேல் பழி விழுந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காக, விசாரணை மன்றம் எதுவும் இல்லாமல் 167 பேரையும் ரூஸ்வெல்ட் வீட்டுக்கு அனுப்பினார். ஓய்வூதியமும் போயிற்று. உத்தரவை நவம்பர் தேர்தல் முடியும்வரை வெளியே விடவில்லை. கறுப்பினத்தவரின் ஓட்டு அப்போது அவர் கட்சிக்குத்தான்.

நிலக்கரி விஷயத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கேட்டவர், இவர்களில் ஒருவரைக்கூட உட்கார வைத்துக் கேட்கவில்லை. 1972-ல்தான் ராணுவம் அந்தக் களங்கத்தைத் துடைத்தது. அதற்குள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் டோர்சி வில்லிஸ். மினியாபொலிஸில் ஒரு முடிதிருத்தகத்தில் ஷூ பாலிஷ் போட்டே காலம் தள்ளியிருந்தார்.